தத்துவ போதகர் காட்டிய சமாதான வழி



பற்பல ஊர்களிலிருந்து தோட்ட வேலைக்காக மலையேறி வந்து, ஒரே பீடத்தைச் சூழ்ந்து ஒரே குடும்பமானவர்கள் மேகமலை விசுவாசிகள். இம்மலையும் கம்பம் பள்ளத்தாக்கும் 1996 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. திருச்சபை முறையில் நாம் இன்றும் மதுரை உயர்மறைமாவட்டத்துப் பிள்ளைகளே. ஆகவே மதுரை மிஷனுக்கு வித்திட்ட இராபர்ட் தெ நோபிலி சுவாமிகள் நமக்கு அந்நியரல்லர். தத்துவ போதகர் என்னும் பெயரில் அவர் எழுதிய தமிழ் நூல்களைப் பற்றிப் பலரும் கேட்டிருப்பர். சபைக்குள் எழுந்த பெரும் பிணக்கை அவர் எவ்வாறு தாங்கினார் என்பதை அறிந்தோர் சிலரே.

அவர் 1577-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் பிரபு குலத்தில் பிறந்தார். சேசு சபையில் சேர்ந்து குருவாகி, 1605-இல் கோவாவுக்கும் 1606-இல் மதுரைக்கும் வந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் முதிய குருவானவர் 11 ஆண்டுகளாகப் பணியாற்றி வந்தார். பள்ளியும் வைத்தியசாலையும் நடத்திய நல்லவர். ஆயினும் கிறிஸ்தவனாவது என்றால் பரங்கியாவது என்றே மதுரை மக்கள் எண்ணியதால், புதிதாக எவரும் மனந்திரும்பவில்லை.

நோபிலி சுவாமிகள் காவி உடுத்தார், புலால் மறுத்தார், தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை நாட்டு வழக்கமாக வைத்துக்கொள்ள இசைந்தார். இது விசுவாசத்துக்கு விரோதம் என்று பெர்னாந்தஸ் அடிகள் 1610-இல் மேலிடத்துக்கு முறையிட்டார். இருவரும் ஒரே சபையினர். ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள். இருவருக்கும் ஆன்மாக்களின் மீட்பே நோக்கம். ஆயினும் மனம் பிரிந்தது.

சுவாமிகளின் பணிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. அவர் தனிக் கூட்டம் சேர்க்கவில்லை, மக்களைத் தூண்டிவிடவுமில்லை. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் நூல் ஆதாரங்களோடும் ஊர்ப் பண்டிதர்களின் சாட்சியத்தோடும் மறுமொழி எழுதி, பெரியோர்முன் வைத்தார். 1619-இல் கோவாவில் கூடிய ஆலோசனைச் சபையில் பெரும்பான்மையோர் அவருக்கு எதிராகவே நின்றனர். அப்போதும் பொறுத்தார். வழக்கு ரோமாபுரிக்குச் சென்றது. 1623 ஜனவரி 31-ஆம் நாள் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார், மூட பக்தி கலவாதிருந்தால் அவ்வழக்கங்கள் இருக்கலாம் என்று தீர்ப்பளித்தார்.

குற்றம் செய்த சகோதரனைத் தனியே கண்டு பேசு. கேளாவிடில் ஓரிருவரை அழைத்துப் போ. பின்னரே சபையிடம் சொல் என்று மத்தேயு சுவிசேஷம் 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பித்தார். புறவினத்தார் யூத முறைமைகளை ஏற்கவேண்டுமா என்ற சச்சரவை அப்போஸ்தலர்கள் ஜெருசலேமில் கூடிப் பேசியே தீர்த்தனர். மதுரைப் பிணக்கும் ஏறக்குறைய அத்தகையதே. அதுவும் சபையின் தீர்ப்பினாலேயே அன்று முடிவுக்கு வந்தது.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. உயர்குலத்தார் எளியவரை, விசேஷமாக ஆலயத்திலே, இழிவாக எண்ணலாகாது என்றும் அதே தீர்ப்பு வேண்டிக்கொண்டது. சலுகையை ஏற்றுக்கொண்டவர்கள் இந்த வேண்டுகோளைக் கேட்கவில்லை. சாதிக்கொரு குருவானவர், சாதிக்கொரு இடம் என்று வளர்ந்த அந்தப் புண் தமிழகத் திருச்சபையில் இன்னும் முற்றும் ஆறவில்லை. வழக்கு தீர்ந்தால் மட்டும் போதாது. பந்தியில் சமமாக அமரும்போதே சமாதானம் நிறைவாகும்.

சுவாமிகள் 1640-இல் மதுரையில் சிறைப்பட்டார். கண்பார்வை மங்கிய முதுமையில் மதுரையை விட்டு யாழ்ப்பாணம் சென்று, பின்பு மயிலாப்பூரில் 1656 ஜனவரி 16-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

திருவிழா வரி, சப்பரம் தூக்கும் முறை, கல்லறை இடம் என்று நமக்குள்ளும் மனத்தாங்கல் வருவது உண்டு. அப்போது தேநீர்க் கடையில் பேசுமுன், அந்தச் சகோதரன் வீட்டுக் கதவைத் தட்டுவோமாக. இந்த யூபிலி ஆண்டில் நாம் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கக்கூடிய சிறந்த காணிக்கை அதுவே.