விண்மீனின் வேகம் அறிய வழிகாட்டிய தொப்பிளர்

எட்டாத தூரத்திலுள்ள விண்மீன் எம்மை நோக்கி வருகின்றதா, அன்றி எம்மைவிட்டு அகல்கின்றதா என்பதைப் பூமியிலிருந்தே அறியலாம். அதற்கு வழிகாட்டிய பேரறிஞர் கிறிஸ்தியன் தொப்பிளர். அவர் கண்ட விதி மெய்யானது. அதற்கு அவர் காட்டிய உதாரணமோ பிழையானது. இவ்விரண்டையும் சேர்த்தே அவர் வரலாற்றை நாம் கற்றல் வேண்டும்.

1803ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி சால்ஸ்பேர்க் நகரில், கல்வேலை செய்து வாழ்ந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். மெலிந்த உடலினராதலால் குலத்தொழில் அவருக்கு இயலவில்லை. கணிதம் பயின்றார். ஆயினும் தக்க உத்தியோகம் வாய்க்காமையாற் பஞ்சாலையொன்றிற் கணக்கெழுதிச் சீவித்தார். மனம் சலித்து, உடைமைகளை விற்று, அமெரிக்கா செல்லவும் ஆயத்தமானார். அவ்வேளையில், 1835இல், பிராக் நகரில் ஆசிரியப் பதவி கிடைத்தது.

1842ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி அந்நகரத்து அறிஞர் சபையிலே தம் கொள்கையை வெளியிட்டார். புகையிரதம் கூவிக்கொண்டு நெருங்கும்போது ஒலி உயர்ந்தும், கடந்தபின் தாழ்ந்தும் கேட்பதை நாம் அறிவோம். ஒளிக்கும் இவ்விதி பொருந்தும் என்றார் அவர். இரட்டை விண்மீன்கள் வெவ்வேறு நிறமாகத் தோன்றுவது அவற்றின் வேகத்தினாலேயே என்றும் கருதினார். இங்கேதான் அவர் தவறினார். விண்மீனின் நிறம் பெரிதும் அதன் வெப்பநிலையைப் பொறுத்தது.

1845இல் ஒல்லாந்து நாட்டுப் பைஸ் பல்லற் என்பவர், ஓடும் புகையிரதத்தில் எக்காளம் ஊதுவித்துச் சோதித்தார். ஒலிவிதி மெய்யென்று கண்டார். நிறம்பற்றிய கருத்தை அவர் ஏற்கவில்லை. 1848இல் பிரான்சு நாட்டு விஞ்ஞானி பீசோ, நிறத்தையன்று, நிறமாலையிலுள்ள கோடுகளின் இடப்பெயர்ச்சியையே நோக்கவேண்டுமென விளக்கினார்.

1850இல் தொப்பிளர் வியன்னா சர்வகலாசாலைப் பௌதிக நிலையத்தின் முதல் அதிபரானார். ஆனால் நுரையீரல் நோய் முற்றி, 1853ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் திகதி, தமது 49ஆம் வயதில், வெனிசு நகரிற் காலமானார்.

அவர் விதியோ வாழ்ந்தது. கிரகமொன்று சுற்றிவரும்போது அதன் விண்மீனும் சிறிது அசைகின்றது. கோடுகளும் முன்பின்னாகப் பெயர்கின்றன. 1995இல் மேயர், கெலோ என்னும் சுவிற்சலாந்து அறிஞர் இருவர், செக்கனுக்கு ஏறத்தாழ 60 மீற்றர் வேகமுடைய அத்தகைய அசைவினைக் கொண்டு, பெகாசசு 51 என்னும் விண்மீனைச் சுற்றும் கிரகத்தைக் கண்டனர்.

இளம் விண்மீன்களிலோ இம்முயற்சி மிகக் கடினம். அவற்றின் மேற்பரப்பிற் பெரிய கரும்புள்ளிகள் உள. விண்மீன் சுழலும்போது அப்புள்ளிகள் கோடுகளின் உருவைக் கோணச்செய்து, அசைவுபோல மயக்குகின்றன. ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு வயதுடைய ரி.டபிள்யூ. ஹைட்றே என்னும் விண்மீனிற் கிரகமுண்டென 2008இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே வேறு சிலர் அதனைச் செந்நிறக்கீழ் ஒளியில் அளந்தனர். மெய்யான கிரகமாயின் எவ்வொளியிலும் அசைவு ஒரே அளவாதல் வேண்டும். இங்கோ அது மிகக் குறைந்திருந்தது. ஆகவே கிரகமன்று, கரும்புள்ளியே என்று தெளிந்தனர்.

விண்மீனின் தன்மையை அதன் வேகமென எண்ணித் தொப்பிளர் மயங்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தோரும் அவ்வாறே மயங்கினர். ஆயினும் ஒருவர் கூற்றை மற்றொருவர் அஞ்சாது சோதித்தமையால் உண்மை நிலைத்தது. வாலிபர்களாகிய நாம் பிழைக்கு அஞ்சி வாய்மூடி இருத்தலும் தகாது. பிழையைக் காட்டுவோரை வெறுத்தலும் தகாது. தொப்பிளரின் வரலாறு எமக்குப் புகட்டும் பாடம் இதுவேயாகும்.