கோவையில் குரோமோசோம் எண்ணியவர்

செல்லுக்குள் மரபுக் குணங்களைச் சுமப்பவை குரோமோசோம்கள். 1934 முதல் 1939 வரை கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் அவற்றை மைக்ராஸ்கோப்பில் எண்ணியவர் ஜானகி அம்மாள். 1897-ல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்றவர். கரும்பை மக்காச்சோளத்தோடுகூட இனக்கலப்பு செய்து பார்த்தார்!

பிறகு இங்கிலாந்து. அங்கே விஸ்லி தோட்டத்து மக்னோலியா நாற்றுகளுக்கு கோல்ச்சிசின் என்ற ரசாயனத்தைக் கொடுத்தார். நம் மூலனூர், தாராபுரம் பக்கம் விளையும் கண்வலிக்கிழங்கிலும் இது உண்டு. கடும் விஷம், வாயில் வைத்துவிடாதீர்கள்!

செல் இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடுபவை மெல்லிய இழைகள். கோல்ச்சிசின் அந்த இழைகளை உருவாக விடாது. செல் பிரியாமல், இரு மடங்கு குரோமோசோம்களோடு நின்றுவிடும். செடிக்கு இது லாபம், இலை தடிக்கும். மனிதருக்கோ குரோமோசோம் கணக்கு குழம்பினால் ஆபத்து. புற்றுநோய் செல்கள் பலவற்றில் அந்தக் குழப்பம்தான் இருக்கிறது.

வேடிக்கை பாருங்கள்! நித்தியகல்யாணிச் செடியில் கிடைக்கும் வின்கிரிஸ்டின் மருந்தும் அதே இழைகளைத்தான் தடுக்கிறது. பெருகிக்கொண்டே போகும் புற்றுநோய் செல் அதனால் பிரிய முடியாமல் சாகும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

ஜானகி அம்மாள் 1977-ல் பத்மஸ்ரீ பெற்றார். 1984-ல் மறையும்வரை ஆராய்ச்சியை விடவில்லை. ஒரு மக்னோலியா வகைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.