பம்மல் சம்பந்த முதலியார் (1873 – 1964)



நாடகம் ஆடுபவரைக் கூத்தாடி என்று சமூகம் இழிவாக நோக்கிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் படித்தவர்களை மேடையேற்றி, அவ்விழிவைப் போக்க உழைத்தவரே தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியார். இவர் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவினார். சட்டத்தரணியாகவும் பின்னர் நீதிபதியாகவும் கடமையாற்றியபோதும் நாடகத்தைக் கைவிடவில்லை. சேக்ஸ்பியரின் ஹம்லெற் நாடகத்தை ‘அமலாதித்தன்’ எனத் தமிழுக்குத் தந்தார்.

இவரது ‘சபாபதி’ என்னும் நகைச்சுவை நாடகம் 1941இல் திரைப்படமாயிற்று. ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் அதனை இயக்கினர். செல்வந்தர் மகனுக்கும் அவனது வேலைக்காரனுக்கும் ஒரே பெயர், இருவரும் அசடர்கள். பரீட்சையில் தோற்ற கணவனுக்குப் படித்த மனைவியே கைகொடுக்கிறாள். புராணக் கதைகள் மலிந்திருந்த அன்றைய திரையில், சாதாரண குடும்ப வாழ்க்கையும் மக்களைச் சிரிக்க வைக்கும் என்பதை இப்படம் காட்டியது.

எமது மண்ணுக்கும் இவரோடு தொடர்புண்டு. இவரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் 1913இல் கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபையை அமைத்தார்.

1959இல் இந்திய அரசு பம்மலுக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. மாணவர்களே, ஆண்டுகளை மட்டும் மனனஞ் செய்யாதீர்கள். கூத்தாடி என்ற ஏச்சு எவ்வாறு விருதாக மாறியது என்பதை விளக்கி எழுதுங்கள். அதுவே சிறந்த விடை.