நோயின் வேரை நாடியவர்

அட்லாண்டிக், பசிபிக் பெருங்கடல்களைப் பனாமாவில் ஒரு கால்வாயால் இணைக்கும் பணியைப் பிரெஞ்சுக்காரர்கள் 1881-இல் தொடங்கினர். எட்டு ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. மஞ்சள் காய்ச்சலாலும் மலேரியாவாலும் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்கள் தொழிலாளருக்காக நல்லதொரு மருத்துவமனை கட்டியிருந்தனர். ஆனால் எறும்புகள் ஏறாதிருக்கக் கட்டில் கால்களின்கீழ் வைத்த நீர்க்கிண்ணங்களில் கொசுக்கள் பெருகின. நோய் தீர்க்க வேண்டிய இடமே நோயைப் பரப்பியது. அங்கே குறைவுபட்டது இரக்கமன்று, அறிவு.

1904-இல் அமெரிக்கா அப்பணியை ஏற்றபோது, தொழிலாளரின் உடல்நலம் காக்கும் பொறுப்பு ராணுவ மருத்துவர் வில்லியம் கோர்காஸிடம் வந்தது. 1854-இல் அலபாமா மாநிலத்தில் பிறந்த அவர், இளமையில் மஞ்சள் காய்ச்சல் கண்டு உயிர் பிழைத்தவர். ஒருமுறை வந்தவரை அந்நோய் மீண்டும் தாக்குவதில்லை. எனவே அது பரவிய இடங்களில் அச்சமின்றிப் பணிபுரிந்தார்.

முன்னதாக, கியூபாவின் ஹவானா நகரில் அசுத்தமே நோய்க்குக் காரணம் என்று எண்ணித் தெருக்களைத் தூய்மை செய்தார். நகரம் தூய்மையாயிற்று, மஞ்சள் காய்ச்சலோ பெருகியது. கொசுவே அதைப் பரப்புகிறது என்று கியூப மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881-லேயே கூறியிருந்தார். 1900-இல் வால்டர் ரீட் குழுவினர் அதை நிரூபித்தனர். கோர்காஸ் தமது பழைய கருத்தைக் கைவிட்டுக் கொசு ஒழிப்பில் இறங்கினார். 1901-இல் ஹவானாவை விட்டு அந்நோய் அகன்றது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் நம் நாட்டின் செகந்திராபாத்தில் 1897-இல் கண்டறிந்திருந்தார்.

ஆயினும் பனாமாவில் மேலதிகாரிகள் இவற்றை நம்பவில்லை. 1905-இல் காய்ச்சல் பரவி, ஊழியர்கள் அஞ்சி ஓடினர். கோர்காஸை நீக்குமாறு பரிந்துரை சென்றது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதை ஏற்கவில்லை. புதிய தலைமைப் பொறியாளர் ஜான் ஸ்டீவன்ஸ் வேண்டிய உதவிகளை எல்லாம் அளித்தார். பனாமா நகரில் வீடுதோறும் புகையிட்டனர், தண்ணீர்த் தொட்டிகளை மூடினர், குழாய்நீர் கொணர்ந்தனர். சதுப்புகளை வடித்து, தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தனர். கொய்னா மருந்து இலவசமாகக் கிடைத்தது. 1905 முடிவதற்குள் அந்நகரில் மஞ்சள் காய்ச்சல் மறைந்தது. மலேரியாவும் காலப்போக்கில் தணிந்தது.

கால்வாய் 1914-இல் திறக்கப்பட்டது. எனினும் அமெரிக்கர் காலத்தில் நோயாலும் விபத்தாலும் 5,609 பேர் இறந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. அவர்களுள் பெரும்பாலோர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். வெள்ளையர் வீடுகளுக்குக் கொசுவலைச் சாளரங்கள் இருந்தன. இவர்களுக்கோ நெரிசல் மிகுந்த கொட்டகைகள். அங்கே நிமோனியா பலரை மாய்த்தது. அவர்கள் தனிக்குடிசைகளில் குடும்பத்துடன் வாழத் தொடங்கியதும் அந்நோய் குறைந்ததைக் கோர்காஸ் கண்டார். கொசுவைவிட ஆழமான வேர் வறுமை என்பதை உணர்ந்தார். நல்ல கூலியே சிறந்த சுகாதாரம் என்று பிற்காலத்தில் வலியுறுத்தினார்.

மஞ்சள் காய்ச்சலை ஆராய மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட அவர், வழியில் லண்டனில் நோயுற்று, 1920 ஜூலையில் மறைந்தார். வந்த நோய்க்கு மருந்து தருவது சேவை. அது வரும் வழியைத் தேடி அடைப்பதும் சேவையே. அத்தேடலில் தம் கருத்தையே மாற்றிக்கொள்ள அவர் தயங்கவில்லை.