ஓருயிர் ஈருடை

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டு கிடக்கும் கல்வராயன் மலை, பருவத்திற்கு ஏற்ப நிறம் மாறும். மழை பெய்தால் பசுமை போர்த்தும். வேனில் முற்றினால் இலையுதிர்த்துப் பழுப்பேறி நிற்கும். இவ்வாறே பருவந்தோறும் கோலம் மாறும் சிற்றுயிர் ஒன்றும் உண்டு. வயலோரங்களிலும் புதர்களிடையேயும் அந்தி மங்கும் வேளையில் பறக்கும் பழுப்பு வண்ணத்துப்பூச்சியே அது. மெலனிட்டிஸ் லீடா என்பது அதன் அறிவியற்பெயர். மழைக்காலத்தில் தோன்றும் பூச்சியின் சிறகடியில் கண்போன்ற வட்டங்கள் வரிசையாகத் துலங்கும். வறண்ட காலத்தில் தோன்றுவதிலோ அவ்வட்டங்கள் சிறு புள்ளிகளாகச் சுருங்கிவிட, மூடிய சிறகு காய்ந்த சருகெனவே காட்சியளிக்கும்.

தோற்றத்தால் வேறுபட்ட இவ்விரண்டும் லீடா, இஸ்மீனி என்னும் இரு பெயர்களால் வழங்கின. இவை இரு வேறு இனங்களா, ஓர் இனத்தின் இரு கோலங்களா என்னும் வினாவிற்கு விடை தேடியவர் லயனல் டி நிசேவில்.

மருத்துவர் ஒருவரின் மகனாக 1852ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்த அவர், 1870இல் இந்தியா வந்தார். கல்கத்தாவில், சிறு வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் எழுத்தர் பணி ஏற்றார். பகற்பொழுது வழக்கேடுகளில் கழிந்தது. ஓய்வுநேரம் முழுவதையும் பூச்சிகளுக்கே அளித்தார். 1881இல் சிக்கிம் மலைகளுக்குப் பயணம் செய்தார். இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய பெருநூலை மார்ஷல் என்பாருடன் இணைந்து தொடங்கினார். பின்னிரு தொகுதிகளைத் தனியே எழுதினார்.

ஊசியில் குத்தி உலர்த்திய பூச்சிகளை ஒப்பிட்டு இனம் பிரிப்பதே அக்கால வழக்கம். உயிரற்ற சிறகு தன் பிறப்பைச் சொல்லாது என்பதை உணர்ந்த நிசேவில், பூச்சிகளை வளர்த்துப் பார்க்க முனைந்தார். தாய்ப்பூச்சிகள் இட்ட முட்டைகளைப் பேணினார், புழுக்களுக்குப் புல்லூட்டினார், கூட்டுப்புழுவிலிருந்து வெளிவருவது எக்கோலம் என நாள்தோறும் நோக்கினார். ஒரு கோலத்தின் வழித்தோன்றல், பருவம் மாறியதும் மறுகோலம் பூண்டு வெளிவந்தது. தாயும் சேயும் இரு வேறு இனங்களாதல் இயலாது. இவ்வாய்வின் முடிவுகளை 1886இல் வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்.

இம்மாற்றம் ஏன் நிகழ்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் விளக்கின. புழுப்பருவத்தில் நிலவும் வெப்பமும் ஈரப்பதமும் உடலின் இயக்குநீர்ச் சுரப்பை மாற்றுகின்றன. அதற்கேற்பச் சிறகின் கோலம் அமைகிறது. மழைக்காலத்துக் கண்வட்டங்கள், பறவையின் அலகை உடலிலிருந்து சிறகின் விளிம்பிற்குத் திசைதிருப்புகின்றன. கோடையிலோ சருகிடையே அசையாது கிடத்தலே காப்பாகிறது. மரபு ஒன்றே, சூழலே உடையைத் தெரிவு செய்கிறது.

இருபது ஆண்டுகள் ஓய்வுநேர உழைப்பால் அறிவியலுக்குத் தொண்டாற்றிய நிசேவிலுக்கு, அரசின் பூச்சியியலாளர் என்னும் பதவி 1901இல்தான் வாய்த்தது. அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் மலேரியா காய்ச்சலால் கல்கத்தாவில் அவர் மறைந்தார். அந்நோயைப் பரப்புவது கொசு என்னும் சிறு பூச்சியே என்பதை, அதே நகரில் ரொனால்டு ராஸ் ஆராய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

1890இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியோடு அப்பெருநூல் நின்றுபோனது. சில குடும்பங்களைச் சேர்ந்த வண்ணத்துப்பூச்சிகள் எழுதப்படாமலே எஞ்சின. எனினும் அவர் எழுப்பிய வினா விடையின்றி நிற்கவில்லை. மழையில் கண்காட்டுவதும் கோடையில் சருகாவதும் இன்று லீடா என்னும் ஒரே இனப்பெயரில் அடங்குகின்றன. வேனிற்காலத்தில் கல்வராயன் மலைச்சாரலில் நடக்கும்போது, காலடியில் சருகொன்று சிறகடித்தெழுந்தால், அது சென்ற மழையில் கண்விழித்துத் திரிந்த உயிரின் வழித்தோன்றலே என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது.