ராபர்ட் சூமன்

ராபர்ட் சூமன் (ஜூன் 29, 1886 – செப்டம்பர் 4, 1963) பிரான்ஸ் நாட்டு அரசியல்வாதியும் வழக்கறிஞரும் ஆவார். பிரான்சின் நிதியமைச்சர், பிரதமர், வெளியுறவு அமைச்சர் ஆகிய பொறுப்புகளை வகித்தவர். 1950 மே 9 அன்று இவர் வெளியிட்ட சூமன் அறிவிப்பு, ஐரோப்பிய நிலக்கரி மற்றும் எஃகு சமூகம் தோன்றக் காரணமாயிற்று. இச்சமூகமே பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்தது. அண்டை நாடுகள் தம் எல்லைப்புற வளங்களைப் பொதுவில் ஆளவும், அதனால் பாதிப்புறும் பகுதிகளுக்குப் பொது நிதியிலிருந்து உதவவும் ஏற்பட்ட முதல் அமைப்பு இது எனலாம். 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய இசையமைப்பாளரான ராபர்ட் சூமன் வேறொருவர்.

பிறப்பும் கல்வியும்

சூமன் லக்சம்பேர்க் நகரின் கிளோசென் பகுதியில் பிறந்தார். தந்தையின் ஊர் லொரெய்ன் மாநிலத்தில், லக்சம்பேர்க் எல்லையை ஒட்டிய எவ்ராஞ்ச் என்னும் சிற்றூர் ஆகும். 1870–71 போரில் பிரான்ஸ் தோல்வியுற்றபோது லொரெய்னின் வடபகுதியும் அல்சாசும் ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டன. இதனால் பிரான்சு நாட்டவராகப் பிறந்த தந்தை ஜெர்மானியக் குடிமகனானார். அவர் வழியாக மகனும் ஜெர்மானியக் குடியுரிமையுடனேயே பிறந்தார். தாயார் லக்சம்பேர்க் நாட்டவர். வீட்டில் பேசிய லக்சம்பேர்க் மொழியே சூமனின் தாய்மொழி. ஜெர்மனும் பிரெஞ்சும் அவர் பின்னர் கற்ற மொழிகளாகும்.

பொன், மியூனிக், பெர்லின், ஸ்ட்ராஸ்பூர்க் ஆகிய நகரங்களில் சட்டம் பயின்று, 1912இல் மெட்ஸ் நகரில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். முதல் உலகப் போரின் முடிவில் லொரெய்ன் மீண்டும் பிரான்சின் வசமானது. முப்பத்திரண்டு வயதில் சூமன் பிரெஞ்சுக் குடிமகனானார். அவர் தம் ஊரைவிட்டு நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது.

அரசியல் வாழ்க்கை

1919ஆம் ஆண்டுத் தேர்தலில் மொசெல் மாவட்டத்திலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். போர்க்கால இடைவெளி நீங்கலாக 1962 வரை உறுப்பினராக இருந்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ஜெர்மானியச் சட்டத்தின்கீழ் இருந்த பகுதியைப் பிரெஞ்சுச் சட்டத்துடன் இணைப்பது அவரது தொடக்ககாலப் பணியாக அமைந்தது. 1924இல் இயற்றப்பட்ட சட்டங்கள் பிரெஞ்சுக் குடியியல், வணிகச் சட்டங்களை அங்கு நடைமுறைப்படுத்தின. அதே வேளையில் தொழிலாளர் காப்பீடு முதலிய உள்ளூர் ஏற்பாடுகளைத் தொடர விட்டன. இவற்றில் சூமனின் பங்கு பெரிது. இரு நாடுகளின் சட்டங்களை ஒரே மக்களுக்குப் பொருத்தும் இப்பயிற்சி அவருக்குப் பின்னாளில் பயன்பட்டது.

இரண்டாம் உலகப் போர்

1940 மார்ச் மாதம் அகதிகளுக்கான துணை அமைச்சராக நியமிக்கப்பட்டார். ஜெர்மன் எல்லையோர ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களின் நலன் அவர் பொறுப்பில் இருந்தது. அவ்வாண்டு ஜூலை 10 அன்று மார்ஷல் பெத்தானுக்கு முழு அதிகாரம் வழங்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். செப்டம்பரில் மெட்ஸ் திரும்பியபோது கெஸ்டாப்போ காவலர்கள் அவரைக் கைது செய்தனர். ஏழு மாதச் சிறைக்குப்பின் ஜெர்மனியின் நொய்ஸ்டாட் நகரில் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். 1942 ஆகஸ்டில் அங்கிருந்து தப்பிப் பிரான்ஸ் சேர்ந்து, மடாலயங்களில் மறைந்து வாழ்ந்தார்.

1940இல் அளித்த வாக்கின் காரணமாகப் போருக்குப்பின் தேர்தலில் போட்டியிடும் தகுதியை இழந்தார். 1945 செப்டம்பரில், டி கோலின் தலையீட்டுக்குப்பின் இத்தடை நீக்கப்பட்டது. 1946இல் நிதியமைச்சராகவும், 1947 நவம்பர் முதல் 1948 ஜூலை வரை பிரதமராகவும், அதன்பின் 1953 ஜனவரி வரை வெளியுறவு அமைச்சராகவும் பணியாற்றினார்.

சூமன் அறிவிப்பு

லொரெய்னில் இரும்புத் தாது மிகுதி. அதை உருக்கத் தேவையான கற்கரியைத் தரும் நிலக்கரி ஜெர்மனியின் ரூர் பகுதியில் கிடைத்தது. இரண்டுக்கும் இடையே நிலக்கரி வளமுள்ள சார் மாநிலம் இருந்தது. இவை அனைத்தும் ஒன்றையொன்று சார்ந்த ஒரே தொழிற்பகுதி. ஆனால் அரசியல் எல்லைகள் அதைத் துண்டாக்கியிருந்தன. போருக்குப்பின் பிரான்ஸ் சார் பகுதியைத் தன் பொருளாதாரத்துடன் இணைத்துக்கொண்டது. 1950 மார்ச்சில் இதனை உறுதிசெய்யும் உடன்படிக்கைகள் கையெழுத்தானபோது பிரான்ஸ், ஜெர்மனி உறவு மேலும் கசந்தது.

இந்நிலையில் பிரான்சின் திட்ட ஆணையத் தலைவரான ஜான் மொனே ஒரு வரைவைத் தயாரித்தார். பிரான்ஸ், ஜெர்மனி ஆகியவற்றின் நிலக்கரி, எஃகு உற்பத்தி முழுவதையும் ஒரு பொது உயர் அதிகார அமைப்பின்கீழ் வைத்து, பிற நாடுகளும் சேர வழிவிடுவது அதன் சாரம். ஏப்ரல் இறுதியில் சூமன் அவ்வரைவை மெட்சுக்கு அருகிலுள்ள தம் இல்லத்துக்கு எடுத்துச் சென்று படித்தார். பாரிஸ் திரும்பியதும் ஏற்றுக்கொண்டார். மே 9 காலையில் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் கொன்ராட் அடினாவரின் இசைவு கிடைத்தது. அன்று மாலையே அறிவிப்பு வெளியானது. வரைவு மொனேயுடையது. எனினும் தோற்றால் பதவியை இழக்கக்கூடிய அரசியல் பொறுப்பைச் சூமனே ஏற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

பொது நிதியும் தொழிற்பகுதிகளும்

1951 ஏப்ரல் 18 அன்று பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஆறு நாடுகள் பாரிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1952 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இவ்வொப்பந்தத்தின் காலம் 50 ஆண்டுகள். சுங்க வரிகள் நீங்கும்போது நலிந்த சுரங்கங்கள் மூடப்படும் என்பதும், அவற்றை நம்பியுள்ள ஊர்கள் இத்திட்டத்தை எதிர்க்கும் என்பதும் முன்பே உணரப்பட்டன. எனவே இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுகளும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றன.

உறுப்பு நாடுகளின் நன்கொடையை உயர் அதிகார அமைப்பு எதிர்பார்க்கவில்லை. நிலக்கரி, எஃகு நிறுவனங்களிடமிருந்தே நேரடியாக உற்பத்தித் தீர்வை வசூலித்தது. இதன் வழமையான உச்சவரம்பு உற்பத்தி மதிப்பில் 1 விழுக்காடு. இந்நிதியிலிருந்து வேலையிழந்தோருக்கு இடைக்கால உதவித்தொகை, மறுபயிற்சி, இடமாற்றச் செலவு ஆகியவை வழங்கப்பட்டன. சம்பந்தப்பட்ட நாடும் பொதுவாக இணையான தொகையைத் தரவேண்டும் என்பது விதி. 1954இல் அமெரிக்காவிடமிருந்து 10 கோடி டாலர் கடன் பெறப்பட்டது. தொழிலாளர் குடியிருப்புகளும் கட்டப்பட்டன. செலவு மிகுந்த பெல்ஜியச் சுரங்கங்களுக்கு உதவ, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் நிலக்கரி மீது தீர்வை விதிக்கப்பட்டது.

எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை. தென் பிரான்சின் நலிந்த சுரங்கங்களிலிருந்து தொழிலாளரை லொரெய்னுக்கு இடம்பெயர்க்கும் திட்டத்தில், எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்தோரே சேர்ந்தனர். உதவித்தொகை கிடைத்தாலும் மக்கள் சொந்த ஊரை விட்டுச்செல்ல விரும்பவில்லை. 1950களின் இறுதியில் நிலக்கரி நெருக்கடி பெல்ஜியத்தைக் கடுமையாகத் தாக்கியது. தொழிலாளரைத் தொழில் இருக்கும் இடத்துக்கு அனுப்புவதைவிட, நலிந்த பகுதிக்குப் புதிய தொழில்களைக் கொண்டுவருவதே தேவை என்பது மெல்ல உணரப்பட்டது. 1960இல் ஒப்பந்தத்தின் தொடர்புடைய விதி திருத்தப்பட்டு உதவிகள் விரிவாக்கப்பட்டன.

சார் சிக்கலும் மொசெல் ஆறும்

1955 அக்டோபர் 23 அன்று சார் பகுதியில் நடந்த பொது வாக்கெடுப்பில், ஐரோப்பியத் தனி ஆட்சிப்பகுதி என்னும் திட்டத்தை மூன்றில் இரு பங்கினர் நிராகரித்தனர். 1957 ஜனவரி 1 முதல் சார் மேற்கு ஜெர்மனியுடன் இணைந்தது. பொதுச் சந்தை ஏற்கனவே நடைமுறையில் இருந்ததால், இம்முறை எல்லை நகர்ந்தது பெரும் மோதலுக்கு வழிவகுக்கவில்லை.

இத்தீர்வின் ஒரு பகுதியாக, மொசெல் ஆற்றைப் பெரிய சரக்குப் படகுகள் செல்லத்தக்க நீர்வழியாக மாற்றுவதற்கு 1956 அக்டோபர் 27 அன்று பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்சம்பேர்க் ஆகியவை உடன்பட்டன. லொரெய்ன் எஃகு ஆலைகள் நீண்டகாலமாகக் கோரிவந்த வழி இது. செலவின் பெரும்பகுதியைப் பிரான்ஸ் ஏற்றது. 1964 மே மாதம் நீர்வழி திறக்கப்பட்டபோது சூமன் உயிருடன் இல்லை.

விமர்சனங்கள்

1940ஆம் ஆண்டு வாக்கு அவர் மீதான விமர்சனங்களுள் முதன்மையானது. வெளியுறவு அமைச்சர் என்ற முறையில் துனீசியா, மொரோக்கோ ஆகிய பாதுகாப்பு நாடுகளுக்கும் அவர் பொறுப்பாளர். துனீசியாவுக்கு விடுதலை நோக்கிய முன்னேற்றத்தை 1950இல் கோடிட்டுக் காட்டியபோதிலும், 1951 டிசம்பரில் அவர் கையெழுத்திட்ட குறிப்பு அந்நம்பிக்கையைத் தகர்த்தது. அண்டை நாட்டுடன் சமநிலையில் பேசிய அரசு, குடியேற்றப் பகுதிகளுடன் அவ்வாறு பேசவில்லை. அவர் ஆதரித்த ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகத் திட்டத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றமே 1954 ஆகஸ்டில் கைவிட்டது.

இறுதிக்காலமும் மரபும்

1958 முதல் 1960 வரை ஐரோப்பிய நாடாளுமன்ற அவையின் முதல் தலைவராக இருந்தார். 1958இல் ஆகன் நகரின் சார்லமேன் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. மணம் புரியாது எளிமையாக வாழ்ந்த சூமன், மெட்ஸ் அருகேயுள்ள சி-ஷாசெல் ஊரில் தம் இல்லத்தில் காலமானார். அவ்வில்லம் தற்போது அருங்காட்சியகமாக உள்ளது. 2021இல் கத்தோலிக்கத் திருச்சபை இவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. மே 9 ஐரோப்பிய நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நிலக்கரி மற்றும் எஃகு சமூகம் 2002 ஜூலையில் முடிவுற்றது. எஞ்சிய நிதி அத்துறைகளின் ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது. பகுதிகளுக்கு உதவும் கொள்கை 1975இல் ஐரோப்பியப் பிராந்திய வளர்ச்சி நிதியாகவும், எல்லை தாண்டிய கூட்டுத் திட்டங்களுக்கான நிதியுதவி 1990இல் இன்டர்ரெக் திட்டமாகவும் வடிவம் பெற்றன. சூமனின் சொந்தப் பகுதியான லொரெய்னில் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. எனினும் பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் ஆகியவற்றிலிருந்து இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்து லக்சம்பேர்க் சென்று பணிபுரிகின்றனர். அவரது தந்தையின் குடியுரிமையை மாற்றிய எல்லை இன்றும் வரைபடத்தில் உள்ளது. அதைக் கடப்பது அன்றாட வழக்கமாகிவிட்டது.