யார் இந்த ஜெஸ்ஸி பிராண்ட்? கொல்லிமலைப் பிள்ளைகளுக்கு எழுத்தோடு தச்சு வேலையும் சொல்லிக்கொடுத்தவர்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கொல்லிமலை வீடுகளில் வரும் கேள்வி ஒன்றுதான்: அடுத்து எங்கே? மேற்படிப்பு என்றால் பெரும்பாலும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ராசிபுரம், நாமக்கல், சேலம் என்று போகணும். படித்து முடித்தபிறகு ஊருக்குத் திரும்பி வந்து செய்ய வேலை இருக்கா என்பது அடுத்த கேள்வி. 100 வருஷத்துக்கு முன்பே இதே மலையில் பள்ளியையும் தொழிலையும் சேர்த்து யோசித்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜெஸ்ஸி மான் பிராண்ட்.

இங்கிலாந்துக்காரர். தொழில், கட்டட வேலை. மிஷனரியாகப் போக முடிவு செய்ததும் லண்டனில் உள்ள லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பநாட்டு நோய்களுக்கான அடிப்படை மருத்துவம் கற்றுக்கொண்டார். முழு டாக்டர் கிடையாது. 1907-ல் இந்தியா வந்து, மலையடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலத்தில் பணியைத் தொடங்கினார். 1913-ல் ஈவ்லின் ஹாரிஸைத் திருமணம் செய்துகொண்டார். லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்து, ஓவியம் படித்த பெண் அவர். கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் கொட்டும் மழையில் மலை ஏறினார்கள். அப்போ ரோடு கிடையாது. நடக்கணும், இல்லைன்னா டோலி.

வாழவந்தியில் அவர்கள் குடியிருந்த மர வீட்டை ஜெஸ்ஸியே கட்டினார். தூண்களின் மேல் நிற்கும் வீடு. ஒவ்வொரு தூணின் தலையிலும் வாணலியைக் கவிழ்த்தது போல ஒரு தகடு இருக்கும். கரையான் மேலே ஏறாமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆறு வருஷம் யாரும் வரலை

இருவரும் வந்தது மதம் பரப்பத்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையில் வாழ்பவர்கள் என்பதால் வந்த பெயர் இது) வைத்தியத்துக்கு வந்தார்களே தவிர, அவர்களோடு சேரவில்லை. ஊர்ப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். சேர்ந்தால் சாமி குற்றம் வரும் என்ற பயம் வேறு.

திருப்பம் கொடுத்தது முதல் உலகப்போரின் முடிவில் பரவிய இன்ஃபுளுவென்சா. வீடு வீடாக ஆட்கள் படுத்துவிட, சொந்தக்காரர்களே கிட்டே வரப் பயந்த நேரம் அது. பிராண்ட் தம்பதி பெரிய பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போய், ஸ்பூனால் ஊட்டினார்கள். எதிர்த்த பூசாரிக்கும் அவர் மனைவிக்கும் காய்ச்சல் கண்டது. சாகும் நேரத்தில் தன் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை பூசாரி ஒப்படைத்தது, பிராண்ட் தம்பதியிடம்தான். மலை மக்களின் நம்பிக்கை அதற்குப் பிறகே கிடைத்தது.

பள்ளியும் பட்டறையும்

ஜெஸ்ஸி திறந்த பள்ளிகளில் எழுத்து, கணக்கோடு கைத்தொழிலும் பாடம். தச்சு வேலை, ஓடு தயாரிப்பு, பட்டுப்புழு வளர்ப்பு எல்லாம் கற்றுக்கொடுத்தார். ஒரு கட்டடத் தொழிலாளியின் மூளை இதில் நன்றாகவே தெரிகிறது. தச்சு படித்த பையன் வேலைக்கு மலை இறங்க வேண்டியதில்லை, அவன் ஊரிலேயே வீடு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். பட்டுப்புழுவுக்கான முசுக்கொட்டைச் செடியையும் அங்கேயே வளர்க்கலாம்.

நோயையும் அவர் இப்படித்தான் அணுகினார். காலில் நீளமான புழு வெளியே வரும் நரம்புச் சிலந்தி நோய் அப்போது மலையில் சகஜம். நோயாளி தண்ணீரில் காலை வைக்கும்போது புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும், அதைக் குடிப்பவருக்கும் நோய் தொற்றும். புழுவை எடுத்து வைத்தியம் பார்த்ததோடு ஜெஸ்ஸி நிற்கவில்லை. யாரும் காலை நனைக்க முடியாதபடி கிணறுகளைச் சுற்றிக் கல் சுவர் எழுப்ப வைத்தார். இந்தியா முழுக்க இந்த நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2000-ல்தான்.

ஆனால் ஒரு எல்லை இருந்தது. மலைப் பள்ளி தொடக்கக் கல்வி வரைதான். அதற்கு மேல் படிக்க யாராக இருந்தாலும் இறங்கித்தான் ஆகணும், அவருடைய சொந்தப் பிள்ளைகள் உட்பட. 1914-ல் பிறந்த மகன் பாலையும் மகள் கோனியையும் 1923-ல் இங்கிலாந்தில் படிக்க விட்டுவிட்டு பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். ஜெஸ்ஸி பிள்ளைகளை அதன்பிறகு பார்க்கவே இல்லை. 1929 ஜூனில், மலேரியா முற்றி சிறுநீர் கறுத்துப்போகும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. கப்பலில் புறப்பட்டிருந்த அப்பாவின் கடிதங்கள் அதன்பிறகும் மகன் கைக்கு வந்துகொண்டே இருந்தன.

மகன் எடுத்துப்போன பாடம்

டாக்டர் ஆக விருப்பமில்லாத பால், அப்பா மாதிரியே முதலில் கட்டட வேலை கற்றார். பிறகுதான் மருத்துவம். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் மூலம் நிமிர்த்திக் காட்டி உலகப் புகழ் பெற்றார். கை சரியானவர்கள் வேலை கிடைக்காமல் திண்டாடியதைப் பார்த்ததும் அவர் செய்தது, தச்சுப் பட்டறை வைத்ததுதான். மரப் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்து, அதை விற்றுப் பிழைக்க வழி செய்தார்.

ஈவ்லினை மிஷன் சமவெளிப் பணியில் வைத்திருந்தது. ஓய்வு பெறும் வயதில், 70-ஐ நெருங்கும்போது, சொந்த முடிவில் மறுபடி மலை ஏறினார். மட்டக்குதிரையில் கிராமம் கிராமமாகப் போய் வைத்தியம் பார்த்தார், பெற்றோர் இல்லாத பிள்ளைகளை வளர்த்தார். கொல்லிமலையோடு கல்வராயன், பச்சைமலை என்று அவர் வேலை விரிந்தது. 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தவரை வாழவந்தியில், கணவர் ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.